அறிவோம் தெளிவோம்: ஆலைக் குளத்தில் நடக்கும் போட்டி



கேரி தீவுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது செம்பனை மரங்களை. அடுத்து உணர்வது எண்ணெய் ஆலையின் வாடையை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை பழகிப் போயிருக்கும். ஆலையின் பின்புறம் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பும் பழுப்புமாக நீர் தேங்கி நிற்கும். மேலே ஆடை படிந்திருக்கும். அடியிலிருந்து குமிழி குமிழியாக ஏதோ கொப்பளித்துக் கொண்டே இருக்கும்.

ரப்பர் காலத்தில் வேறு தோட்டங்களில் இருந்து, பால் ஆலையில் வேலை செய்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "அந்த ஆலைக் குளத்து நாற்றம் வேறு, அழுகிய முட்டையை உடைத்தது போல இருக்கும்" என்பார்கள் அவர்கள். இரண்டும் ஆலைக் கழிவுநீர்தான். இரண்டும் குளத்தில்தான் தேங்குகின்றன. அப்படியிருக்க, ஒன்று குமிழி விடுவதும் மற்றொன்று முட்டை நாற்றம் அடிப்பதும் ஏன்? நீரின் அடியில், கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குள் உணவுக்காக நடக்கும் போட்டிதான் காரணம். அந்தப் போட்டியைப் பற்றித் தெரிந்து கொள்வது பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல. நம் வீட்டு ஆண்மகனோ அண்டை வீட்டுப் பிள்ளையோ ஆலையில் வேலை செய்தால், அவன் மாலையில் உயிரோடு வீடு திரும்புவதற்கும் இந்த அறிவு உதவும். எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஆலையிலிருந்து என்ன வருகிறது?

பழக்குலைகளை நீராவியில் வேக வைத்து, உதிர்த்து, பிழிந்து, எண்ணெயைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் சுமார் இரண்டரை டன் கழிவுநீர் வெளியாகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் தண்ணீர். மீதியில் பழச்சதையின் துகள், மாச்சத்து, புரதம், சிறிது எண்ணெய் ஆகியவை கலந்திருக்கும். விஷ மருந்து எதுவும் கலப்பதில்லை. "பின்னே அதை ஆற்றில் விட்டால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி.

ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு சுமார் 8 மில்லிகிராம்தான். மீனும் நண்டும் அதைக் கொண்டுதான் மூச்சு விடுகின்றன. ஆலைக் கழிவில் உள்ள சத்தை ஆற்று நுண்ணுயிர்கள் தின்று செரிக்க, ஒரு லிட்டர் கழிவுக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் பிராணவாயு தேவைப்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கழிவு, மூவாயிரம் லிட்டர் ஆற்று நீரின் மூச்சை இழுத்துக் கொள்ளும்! மீனைக் கொல்ல விஷம் வேண்டியதில்லை; அளவுக்கு மீறிய சோறே போதும்.

இதனால்தான் 1974-ஆம் ஆண்டு மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனி விதிகள் வந்தன. எண்ணெய் ஆலைகள் வெளியே விடும் நீரில் அந்தப் பிராணவாயுத் தேவை 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு இறுக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டு வந்தார்கள். 25,000 எங்கே, 100 எங்கே! இவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடித்தவை பெரும்பாலும் இயந்திரங்கள் அல்ல, குளத்து அடியில் இருக்கும் நுண்ணுயிர்கள்தாம்.

மூன்று பந்தி

ஆழமான குளத்தின் அடியில் காற்று கிடையாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவை மூன்று பந்தியாக உட்கார்ந்து தின்கின்றன.

முதல் பந்தியில் இருப்பவை பெரிய சத்துகளை உடைத்துப் புளிப்பாக்குகின்றன. தோசை மாவு இரவில் புளிப்பதையும் பால் தயிராவதையும் நாம் அறிவோம். அதே இனத்து வேலைதான். இரண்டாம் பந்தியினர் அந்தப் புளிப்புகளை மேலும் உடைத்து, காடிப் புளிப்பாகவும் ஹைட்ரஜன் வாயுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றனர். மூன்றாம் பந்தியினர் காடிப் புளிப்பையும் ஹைட்ரஜனையும் தின்று மீத்தேன் என்னும் எரிவாயுவை விடுகின்றனர். நீங்கள் பார்க்கும் குமிழி அதுதான். சதுப்பு நிலத்துக் குமிழி தீப்பற்றும் என்பதை 1776-இல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரியில் வோல்டா என்ற அறிஞர் கண்டார். மின்சார 'வோல்ட்' என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

மூன்றாம் பந்தியினர் இல்லாவிட்டால் காரியம் கெட்டது. புளிப்பாக்கும் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். மீத்தேன் கூட்டம் இரட்டிப்பாகச் சில நாட்கள் ஆகும். ஆலையில் பழம் மிகும் மாதங்களில் குளத்துக்கு ஒரேயடியாகக் கழிவை விட்டால், முன்னது வேகமாகத் தின்று புளிப்பைக் குவித்துவிடும். பின்னதால் ஈடு கொடுக்க முடியாது. புளிப்பு மிகுந்தால் மீத்தேன் கூட்டம் மேலும் சோர்ந்து போகும். குளம் 'கெட்டுவிட்டது' என்று ஆலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். குமிழி நின்றுவிடும், புளித்த வாடை வீசும். மறுபடி சீராக வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் ஆகும். அதனால்தான் நல்ல ஆலையில் சூடான கழிவை முதலில் ஆற விடுகிறார்கள், அளவாக விடுகிறார்கள், பழைய குளத்துச் சேற்றை உறை மோர் போலப் புதுக் கழிவில் கலக்கிறார்கள்.

இந்தப் பந்திகளுக்கு இடையே உள்ள உறவு மிக நெருக்கமானது. சாராய வகைகளை மீத்தேனாக மாற்றும் ஒரே நுண்ணுயிர் என்று வெகுகாலம் எண்ணப்பட்டது, உண்மையில் ஒட்டி வாழும் இரண்டு உயிர்கள் என்று 1967-இல் அமெரிக்காவில் பிரையண்டும் அவருடைய தோழர்களும் கண்டுபிடித்தார்கள். ஒன்று ஹைட்ரஜனை வெளியே விடும். மற்றது உடனே தின்றுவிடும். தின்பவர் இல்லாவிட்டால் விடுபவருக்கும் வேலை ஓடாது. 1977-இல் ஊஸ் என்ற அறிஞர், மீத்தேன் கூட்டம் பாக்டீரியாவே அல்ல, முற்றிலும் வேறான பழைய உயிர்க்குலம் என்று காட்டினார். ஆகவே நம் குளத்து அடியில் வேலை செய்வது உலகின் மிகப் பழைய குடிகளில் ஒன்று!

அழையாத விருந்தாளி

இப்போது முட்டை நாற்றத்துக்கு வருவோம். அதே காற்றில்லா இடத்தில் இன்னொரு கூட்டமும் உண்டு. நாம் பிராணவாயுவைக் கொண்டு மூச்சு விடுவது போல, இவை சல்பேட் என்னும் கந்தக உப்பைக் கொண்டு 'மூச்சு விடும்'. நாம் விடும் மூச்சில் கரியமில வாயு வரும். இவை விடும் மூச்சில் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். இந்தக் கூட்டத்தை 1895-இல் ஹாலந்து நாட்டில் பெய்ஜெரிங்க் என்பவர் கண்டறிந்தார்.

இவற்றுக்கும் உணவு அதே ஹைட்ரஜனும் அதே காடிப் புளிப்பும்தான். அதாவது, மீத்தேன் கூட்டத்தின் இலையில் பரிமாறப்பட்டதையே இவையும் எடுக்கின்றன. சல்பேட் தாராளமாக இருந்தால் யார் வெல்வார்? ஹைட்ரஜனைப் பொறுத்தவரை சல்பேட் கூட்டமே வெல்லும். அதற்கு உணவிலிருந்து கிடைக்கும் பலன் அதிகம். கையில் ஒரு பருக்கை இருந்தாலும் எடுக்கத் தெரியும். மீத்தேன் கூட்டத்துக்கு எட்டாத அளவுக்கு ஹைட்ரஜனைக் குறைத்துவிடும். காடிப் புளிப்பில் மட்டும் மீத்தேன் கூட்டம் அவ்வளவு எளிதில் விட்டுக் கொடுப்பதில்லை. பழைய சேற்றில் கெட்டியாக வேர் விட்டு இருந்தால் வெகுநாள் தாக்குப் பிடிக்கும். சல்பேட் கூட்டம் வென்றால் இன்னொரு தீங்கும் உண்டு. அது வெளியிடும் வாயுவே மீத்தேன் கூட்டத்துக்கு விஷம். வந்த விருந்தாளி சோற்றையும் எடுத்துக் கொண்டு, வீட்டுக்காரரையும் வெளியேற்றும் கதைதான்.

வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அளவுதான். கழிவிலுள்ள உணவு, சல்பேட்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் மீத்தேன் வேலைக்குப் பொதுவாக இடைஞ்சல் இல்லை. சல்பேட் ஏற ஏறத் தொல்லை ஏறும்.

பால் ஆலையில் சல்பேட் எங்கிருந்து வந்தது?

மரத்துப் பாலை அம்மோனியா விட்டுக் கெடாமல் காத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றிக் கெட்டிப் பாலாக்குவார்கள். கையுறை முதலிய பொருள்களுக்கு அந்தப் பால்தான் வேண்டும். சுழற்றிய பிறகு மிஞ்சும் நீர்த்த பாலிலும் கொஞ்சம் ரப்பர் இருக்கும். அதை வீணாக்காமல் உறைய வைக்க, விலை மலிவான கந்தகத் திராவகத்தை ஊற்றுவார்கள். அம்மோனியா மிகுந்திருப்பதால் திராவகமும் மிகுதியாகத் தேவைப்படும். ரப்பர் உறைந்து மேலே வந்துவிடும். கந்தக உப்பு முழுவதும் கீழே நீரோடு குளத்துக்குப் போய்விடும். சல்பேட் கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? ஷீட் ரப்பர் ஆலையில் உறைய வைக்கப் பெரும்பாலும் ஃபார்மிக் திராவகத்தைப் பயன்படுத்தியதால் அங்கே இவ்வளவு தொல்லை இல்லை. எண்ணெய் ஆலையிலோ பிரிப்பதற்கு நீராவியும் தண்ணீரும்தான், திராவகம் இல்லை. ஆகவே நம் குளம் குமிழி விடுகிறது. அவர்கள் குளம் நாறியது.

தமிழ்நாட்டிலும் இதே கதை உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் சாலைகளில் ரோமம் நீக்கச் சல்பைடு உப்பும், தோலைப் பதப்படுத்தக் கந்தகத் திராவகமும் குரோமியக் கந்தக உப்பும் பயன்படுகின்றன. அந்தக் கழிவுநீரைக் காற்றில்லா முறையில் சுத்திகரிக்கப் போனால் முதலில் எதிரே வந்து நிற்பது இந்தச் சல்பேட் கூட்டம்தான்.

இந்தப் போட்டியை இயற்கையாகவே காண வேண்டுமென்றால் நீங்கள் தொலைவில் போக வேண்டியதில்லை. கேரி தீவைச் சுற்றியுள்ள கண்டல் காட்டுச் சேற்றைக் காலால் கிளறிப் பாருங்கள். கறுப்பாக இருக்கும், முட்டை நாற்றம் லேசாக வரும். கடல் நீரில் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட் இருப்பதால் கரையோரச் சேற்றில் அந்தக் கூட்டத்தின் ஆட்சி. சேற்றில் உள்ள இரும்போடு சல்பைடு சேர்ந்ததால்தான் கறுப்பு. அதே சேறு காலப்போக்கில் நிலமாகி, வடிகால் வெட்டிக் காற்றுப் பட்டால், அந்தக் கந்தகம் திராவகமாக மாறி மண்ணைப் புளிப்பாக்கும். சிலாங்கூர் மேற்குக் கரையோர நிலங்களில் இந்தப் புளிப்பு மண் உண்டு. கரையோரத் தோட்டங்களில் வடிகால் நீரை ஒரேயடியாக வற்ற விடாமல் மதகு வைத்து நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போட்டியை மனிதன் திருப்ப முடியுமா?

முடியும். முதல் வழி, கந்தகத்தை வாசலிலேயே நிறுத்துவது. திராவகம் ஊற்றுமுன் நீர்த்த பாலிலிருந்து அம்மோனியாவைக் காற்றில் போக்கிவிட்டால் திராவகம் குறைவாகப் போதும். வேறு திராவகத்துக்கு மாறலாம். கந்தகம் மிகுந்த நீரை மற்ற நீரோடு கலக்காமல் தனியே பிரித்து, காற்றூட்டிச் சுத்திகரிக்கலாம். காற்று இருக்குமிடத்தில் இந்தக் கூட்டத்துக்கு வேலையில்லை. இன்னொரு வழி, வந்த சல்பைடை இரும்பு உப்போடு சேர்த்து அடியில் படிய வைப்பது. அல்லது மிகக் கொஞ்சம் காற்றை அளந்து விட்டு அதை வெறும் கந்தகத் தூளாக மாற்றுவது. எதைச் செய்தாலும் மெதுவாக வளரும் மீத்தேன் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். குளத்தைத் தூர் வாரும்போது சேறு முழுவதையும் வழித்து எடுத்துவிடாமல் ஒரு பங்கை விட்டு வைப்பது இதற்காகத்தான்.

மீத்தேனைக் குமிழியாகக் காற்றில் விடுவதும் நல்லதல்ல. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் வலியது. அதனால் 2014 முதல் மலேசியாவில் புதிதாகக் கட்டும் எண்ணெய் ஆலைகள் அதைப் பிடித்து வைக்கும் வசதியோடு வர வேண்டும் என்று விதித்தார்கள். குளத்தின் மேல் பெரிய உறை போட்டோ, மூடிய தொட்டி கட்டியோ பிடித்து, கொதிகலனுக்கோ மின்சாரம் எடுக்கவோ பயன்படுத்துகிறார்கள்.

இனிதான் முக்கியமான செய்தி

எண்ணெய் ஆலைக் குளத்தில் மீத்தேன் கூட்டம் வெல்கிறது என்றேன். ஆனால் தோற்ற கூட்டம் ஒழிந்து போகவில்லை. பழத்தின் புரதத்திலேயே கொஞ்சம் கந்தகம் உண்டு. ஆகவே அங்கே பிடிக்கும் எரிவாயுவில், பத்து லட்சம் பங்குக்கு ஆயிரம் பங்கும் அதற்கு மேலும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கலாம். ஒரு மனிதனைச் சில மூச்சிலேயே சாய்த்துவிட அது போதும்.

இந்த வாயுவின் சூதை நன்றாக மனத்தில் பதிய வையுங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் நூறு பங்கை நெருங்கினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப் போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். "காற்றில் கலைந்து போய்விட்டது" என்று நினைத்து ஆள் உள்ளே இறங்குவான். உண்மையில் வாயு குறைந்திருக்காது, கூடியிருக்கும். நாற்றம் அடித்தால் ஆபத்து. அடித்துக் கொண்டிருந்த நாற்றம் திடீரென்று நின்றால் அதைவிட ஆபத்து.

மேலும், இது காற்றைவிடச் சற்றுக் கனமானது. பள்ளத்திலும் தொட்டியிலும் மூடிய வடிகாலிலும் தேங்கி நிற்கும். அசையாமல் கிடக்கும் சேற்றுக்குள் ஒளிந்திருந்து, மண்வெட்டியால் கிளறும்போது ஒரேயடியாகக் கிளம்பும். காலையில் நன்றாக இருந்த தொட்டி மத்தியானம் ஆளைக் கொல்வது இதனால்தான்.

இத்தகைய விபத்துகளில் இறப்பவர்களில் பலர், முதலில் விழுந்தவர்கள் அல்லர். அவர்களைத் தூக்கப் பின்னால் குதித்தவர்கள். தம்பி விழுந்தால் அண்ணன் குதிப்பான். அண்ணன் விழுந்தால் மாமன் குதிப்பார். நம் இரத்தம் அப்படிப்பட்டது. ஆனால் அந்தப் பாசமே ஒரு வீட்டில் மூன்று பிணத்தை விழச் செய்யும். ஆகவே சொல்கிறேன்:

முதலாவது, தொட்டி, மூடிய வடிகால், கிணறு போன்ற இடங்களில் வாயு அளக்கும் கருவியால் சோதித்து, எழுத்து அனுமதி கொடுத்த பிறகுதான் இறங்க வேண்டும். மேலே ஓர் ஆள் கண் எடுக்காமல் காவல் நிற்க வேண்டும். இது முதலாளி காட்டும் சலுகை அல்ல. 2010-ஆம் ஆண்டு வந்த மலேசியத் தொழில் நடைமுறை விதி. "சும்மா ஐந்து நிமிட வேலை" என்று யார் சொன்னாலும், மண்டோர் சொன்னாலும், "கருவி எங்கே ஐயா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

இரண்டாவது, முகத்தில் ஈரத் துணி கட்டுவது பயன் தராது. தூசியைத் தடுக்கும் துணி வாயுவைத் தடுக்காது. விளக்கையோ மெழுகுவர்த்தியையோ இறக்கிச் சோதிக்கும் பழைய வழக்கமும் வேண்டாம். மீத்தேன் இருந்தால் வெடித்துவிடும்.

மூன்றாவது, உள்ளே ஆள் விழுந்துவிட்டால் குதிக்காதீர்கள். காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக விலகி நின்று கூச்சல் போட்டு ஆட்களைக் கூட்டுங்கள். 999-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுக்கலாம். இறங்குமுன் கயிறு கட்டச் சொல்வது அதற்குத்தான். மூச்சுக் கருவி உள்ளவர்கள் மட்டுமே இறங்க வேண்டும்.

நான்காவது, பிள்ளைகளைக் குளத்துப் பக்கம் விளையாட விடாதீர்கள். மேலே படிந்த ஆடை கெட்டித் தரை போலத் தெரியும். காலை வைத்தால் உள்ளே இழுத்துக் கொள்ளும். பந்து விழுந்தால் போகட்டும். வேறு பந்து வாங்கிக் கொள்ளலாம்.

தாய்மார்களே, ஆலைக்குப் போகும் பிள்ளையிடம் இன்று இரவு சாப்பாட்டின்போது இதைச் சொல்லுங்கள். இன்று நம்மோடு தோளோடு தோள் நின்று வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியச் சகோதரர்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் மூக்கைத் தொட்டுக் காட்டி, தொட்டியைச் சுட்டி, கையை ஆட்டினாலே புரிந்து கொள்வார்கள்.

உங்கள் ஆலையில் தூர் வாரும் வேலை எப்போது நடக்கிறது, கருவி இருக்கிறதா, காவல் ஆள் நிற்கிறாரா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். பிள்ளைகளே, கண்டல் சேறு ஏன் கறுப்பு என்று உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். அவர் சொல்லும் விடையையும், இங்கே படித்த விடையையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், நல்லவற்றை அடுத்த இதழில் பார்ப்போம்.